இருமலை விடுங்கள், மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம். சென்ற மாதம் மூக்கு ஒழுகலும் இருமலுமாகத் தொடங்கியது. நான்காம் நாள் இரவு வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கினான். மருத்துவமனையில் சேர்த்தோம். ஆக்சிஜன் வைத்தார்கள், ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீட்டில் ‘ப்ராங்கியோலைட்டிஸ்’ என்று எழுதியிருந்தது. ஆன்டிபயாடிக் எதுவும் தரவில்லை. இப்போது பால் நன்றாகக் குடிக்கிறான், சிரிக்கிறான். ஆனால் வீட்டுக்கு வந்து பத்து நாளாகியும் இருமல் நிற்காததால் வேறொரு டாக்டரிடம் காட்டினோம். ‘இது நிமோனியா, அப்போதே ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருக்க வேண்டும்’ என்று சொல்லி நான்கு சிரப் எழுதிக் கொடுத்தார். நெபுலைசர் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளவும் சொன்னார். நான் மோர் குடிப்பதாலும் தலைக்குக் குளிப்பதாலும் பால் வழியாகக் குழந்தைக்குச் சளி இறங்குகிறது என்கிறார் என் மாமியார். தினமும் சாம்பிராணி போடுகிறார். குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறார். யார் சொல்வது சரி? அடுத்த முறை எந்த நேரத்தில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைக் காப்பகத்தில் விடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் மோர் வழக்கை முடித்துவிடலாம். நீங்கள் குடித்த மோருக்கும் உங்கள் மகனின் நெஞ்சுச் சளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தலைக்குக் குளித்ததற்கும் இல்லை. தாய்ப்பாலில் சளி இறங்காது; கிருமியை எதிர்க்கும் பொருள்கள்தாம் இறங்கும். பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் தாயின் சாப்பாட்டில் கை வைப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகவே ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், பால் கொடுக்கிற உடம்பு தேய்வதுதான் மிச்சம். இந்தப் பத்தியை மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சாம்பிராணி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு டாக்டர்களில் யார் சரி என்பதைக் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்காமல் அறுதியிட்டுச் சொல்வது முறையில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் போக்கு முதல் டாக்டரின் பக்கம்தான் சாய்கிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை. முதலில் வெறும் சளி. மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மூச்சு வாங்குவது உச்சத்துக்குப் போகிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுத்தடிக்கிறது. ப்ராங்கியோலைட்டிஸ் பெரும்பாலும் இப்படித்தான் வந்து போகும்.

தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் கிளைகிளையாகப் பிரிந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்களாகிக் கடைசியில் காற்றறைகளில் முடிகிறது. அந்த நுண்குழாய்களின் உட்சுவர் வீங்கி, சளியும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து வழியை அடைத்தால் அது ப்ராங்கியோலைட்டிஸ். காற்றறைகளுக்குள்ளேயே நீரோ சீழோ கோத்துக்கொண்டால் நிமோனியா. ப்ராங்கியோலைட்டிஸை உண்டாக்கும் வைரஸ் பெரியவர்களுக்கு வந்தால், பெரும்பாலும் இரண்டு நாள் தும்மிவிட்டுப் போய்விடுவார்கள். ஏழு மாதக் குழந்தையின் குழாய் ஏற்கெனவே குறுகலானது. ஒரு குழாயின் ஆரம் பாதியாகச் சுருங்கினால் அதில் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. அன்றிரவு உங்கள் மகன் வயிற்றை எக்கி எக்கிப் போராடியது இந்தக் கணக்கோடுதான்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ். 1956-ல் சளி பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே குழந்தைகளிடமும் அகப்பட்டது. இரண்டு வயது முடிவதற்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது வந்துவிடும். ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்ற உத்தரவாதமும் கிடையாது.

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆகவே முதல் மருத்துவமனையில் அதைக் கொடுக்காதது அலட்சியம் என்று நினைக்காதீர்கள். சொல்லப்போனால், பெற்றோர் கேட்டுக்கேட்டு நச்சரிக்கும்போதும் எழுதிக் கொடுக்காமல் இருக்க ஒரு டாக்டருக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மூச்சைக் கவனித்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், பால் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். இந்த நோய்க்கு உள்ள வைத்தியமே அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும்.

‘நிமோனியா’ என்ற பெயரைக் கேட்டதும் பாக்டீரியா, ஊசி என்று மனம் ஓடுகிறது. அதுவும் முழுக்கச் சரியில்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக ஏழு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று 2019-ல் வெளியானது. மருத்துவமனையில் சேர்ந்து, எக்ஸ்ரேயிலும் நிமோனியா உறுதியான குழந்தைகளை அதில் ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இதே ஆர்.எஸ்.வி. என்று தெரியவந்தது. பாக்டீரியா நிமோனியாவும் உண்டு, அது ஆளைக் கொல்லும், அதற்கு ஆன்டிபயாடிக் உடனே வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூன்று வாரம் நெருங்கும் வேளையில், பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் மிச்ச இருமலைக் கேட்டுவிட்டு ‘அப்போதே போட்டிருக்க வேண்டும்’ என்று சொல்வது, ஒரு தாயைத் தூங்கவிடாமல் செய்வதைத் தவிர வேறெதற்கும் உதவாது.

இனி உங்கள் கடிதத்தின் முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: எப்போது ஓட வேண்டும்? பெரும்பாலான வீடுகளில் இருமலின் சத்தத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ‘கரகர’ என்று சளி கட்டியிருக்கிறது, முதுகில் கை வைத்தால் அதிர்கிறது, இருமி இருமி வாந்தி எடுத்துவிட்டான் என்று பதறி வருகிறார்கள். அந்தக் குழந்தைகளில் பலர் என் மேசைமேல் இருக்கும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு விளையாடுவார்கள். உள்ளபடியே ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு இரும வலு இருப்பதில்லை. அழவும் வலு இருப்பதில்லை. சத்தமில்லாமல் மடியில் கிடந்து வேகவேகமாக மூச்சு மட்டும் விடும். ‘நேற்றெல்லாம் இருமினான் டாக்டர், இன்றைக்குப் பரவாயில்லை, அமைதியாகத் தூங்குகிறான்’ என்று கொண்டுவரப்படும் குழந்தையைப் பார்த்துத்தான் நாங்கள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கிறோம்.

ஆகவே மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கும்போதோ, பால் குடித்துவிட்டு அமைதியாக மடியில் கிடக்கும்போதோ எண்ண வேண்டும். அழும்போது எண்ணினால் கணக்கு தப்பும். காய்ச்சல் கொதிக்கும்போதும் மூச்சு கொஞ்சம் வேகமாகவே இருக்கும். பாராசிட்டமால் கொடுத்து உடம்பு ஆறியபின் மறுபடி எண்ணிப் பாருங்கள். சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிடுங்கள். விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, குழந்தையின் வயிறு மேலே எழும்பும் ஒவ்வொரு முறையும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். முழு நிமிடமும் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிற குறுக்குவழி இங்கே செல்லாது; சின்னக் குழந்தைகள் நாலைந்து மூச்சு வேகமாக விட்டு, நொடிப்பொழுது நிறுத்தி, மறுபடி விடுவார்கள். கணக்கு அதிகமாக வந்தால் பதறாமல் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு மாதம் முடியாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது முடியும்வரை 50. ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40. உங்கள் மகனுக்கு இப்போது 50 என்பதுதான் கோடு. இவை உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகள். 1980-களின் தொடக்கத்தில் பப்புவா நியூகினியின் மலைநாட்டில், கோரோக்கா என்ற ஊரின் மருத்துவமனையில் ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் வேலை பார்த்தார். எக்ஸ்ரேயும் டாக்டரும் எளிதில் கிட்டாத கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் கண்ணால் பார்த்தே நிமோனியாவை அடையாளம் காண என்ன வழி என்று அவரும் உடனிருந்தவர்களும் தேடினார்கள். மூச்சின் எண்ணிக்கையும் விலா உள்ளே வாங்குவதும்தான் அவர்கள் கண்ட விடை. இன்று உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரும் இதே எண்களைத்தான் பயன்படுத்துகிறார். ஆகவே ஒரு தாய் வீட்டில் எண்ணுவது அரைகுறை வைத்தியம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். விலாவின் கீழ் விளிம்பைப் பாருங்கள், அதாவது நெஞ்சும் வயிறும் சேரும் இடம். நல்ல குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழும்பும். திணறும் குழந்தைக்கு வயிறு மட்டும் எழும்ப, விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழியும். ஒவ்வொரு மூச்சுக்கும் அது நடந்தால் எண்ணிக்கைகூடத் தேவையில்லை, கிளம்பிவிட வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் கோட்டைத் தாண்டி, குழந்தை பாலும் குடித்து முகம் பார்த்துச் சிரித்தால், விடிந்ததும் டாக்டரிடம் காட்டலாம். ஆனால் அந்த இரவு ஒருவர் விழித்திருக்க வேண்டும். விலா குழிந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் முனகல் கேட்டாலோ, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூட இறங்காவிட்டாலோ, 12 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள். பைக்கில் குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பெரியவர்களுக்கான பல்ஸ் ஆக்சிமீட்டரை ஏழு மாதக் குழந்தையின் விரலில் மாட்டி வரும் எண்ணை நம்பவும் வேண்டாம், அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அது அந்த விரலுக்குச் செய்யப்பட்டதில்லை.

நெபுலைசர் வாங்க வேண்டாம். அதில் ஊற்றும் சால்பியூட்டமால் என்ற மருந்து, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகியிருந்தால் அதைத் தளர்த்தும். ஆஸ்துமாவில் அதுதான் சிக்கல் என்பதால் அங்கே கேட்கிறது. ப்ராங்கியோலைட்டிஸில் அடைப்பதோ வீக்கமும் சளியும். அதனால்தான் இந்த நோய்க்கு வழக்கமாக அதைக் கொடுக்க வேண்டாம் என்று இப்போதைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன, ஸ்டீராய்டும் அப்படியே. இயந்திரம் வீட்டில் இருந்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. ‘ஒரு முறை புகை வைத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் போகலாம்’ என்று இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிவரை தள்ளிப்போடத் தோன்றும். இவனுக்கு அடிக்கடி இழுப்பு வரத் தொடங்கினால், அல்லது குடும்பத்தில் ஆஸ்துமா இருந்தால், அது தனிக் கதை. அப்போதும் டாக்டர் பார்த்துச் சொல்லும் இன்ஹேலரும், அதில் மாட்டும் ஸ்பேசர் என்ற குடுவையும் விலை குறைவு, வேலையும் சுலபம்.

நான்கு சிரப்புகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இருமலுக்கோ சளிக்கோ உள்ள கலவை மருந்து அதில் இருந்தால் கொடுக்காதீர்கள். இருமலை அவை குறைப்பதில்லை, தூக்கத்தைத்தான் கொடுக்கின்றன. மூச்சைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் குழந்தையை மயக்கத்தில் வைத்திருப்பது யாருக்கு நல்லது? 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது நினைவிருக்கும். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அதையொட்டி, இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. நச்சு கலக்காத சிரப்பாக இருந்தாலும் என் கருத்து இதுதான். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. மூக்கடைத்த குழந்தையால் பால் உறிஞ்ச முடியாது. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு நாசியிலும் விடுங்கள். ஒரே மூச்சில் வயிறு நிறையக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டலாம். வாழைப்பழம் மசித்துக் கொடுக்கலாம். தேன் மட்டும் ஒரு வயதுவரை நாக்கில்கூடத் தடவாதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியா விதை, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

மூக்கில் எண்ணெய் விடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் துப்பிவிடும். எண்ணெய் வழுக்கிக்கொண்டு, இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உள்ளே போனது வாரக்கணக்கில் தங்கிப் புண்ணாக்கும். எந்த ஆன்டிபயாடிக்கும் அதைக் கரைக்காது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தடவும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. கற்பூரம் உடம்புக்குள் போனால் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரும். கையில் பட்டது வாய்க்குப் போக ஏழு மாதக் குழந்தைக்கு ஒரு நொடி போதும். தைலமும் அப்படியே. ஆவி பிடிக்க வைப்பதில் சுடுநீர் கொட்டிச் சுட்டுக்கொள்வதைத் தவிர வேறு பலனில்லை.

சாம்பிராணிக்கு வருகிறேன். குளித்த தலை காயட்டும், வீடு மணக்கட்டும் என்று போடுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் வீங்கிப்போன நுண்குழாய்க்கு அது வெறும் புகைதான். விறகடுப்புப் புகை, கொசுவத்திச் சுருளின் புகை, வீட்டு ஆண்களின் பீடி சிகரெட் புகை எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பூஜை அறையில் போட்டுக்கொள்ளட்டும், குழந்தை இருக்கும் அறைக்கு வேண்டாம், தலையைத் துண்டால் துவட்டினால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார் என்று என்மேல் பழியைப் போடுங்கள். மருமகள் சொல்லிக் கேட்காதவர்கள்கூட, அச்சில் வந்தால் கேட்பார்கள்.

இப்போது மிச்சமிருக்கும் இருமல், நோய் தொடங்கியதிலிருந்து பெரும்பாலும் மூன்று வாரத்தில் அடங்கும். அதைத் தாண்டியும் நீடித்தால், எடை ஏறாவிட்டால், காய்ச்சல் திரும்பி வந்தால், மறுபடி காட்டுங்கள். வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது காசநோய் இருந்தால், அல்லது நெடுநாள் இருமல் இருந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். தவழத் தொடங்கும் வயது என்பதால் இன்னொன்று: நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று மூச்சுமுட்டி இருமினால், பிறகு சரியானதுபோல் தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழலில் சிக்கிக்கொண்டு, வாரக்கணக்கில் ‘ஆறாத நிமோனியா’வாகச் சுற்றும் குழந்தைகள் உண்டு.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான பி.சி.வி. ஊசி, 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். உங்கள் மகனுக்கு இரண்டு முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது 9 மாதத்தில், தட்டம்மை–ரூபெல்லா ஊசியோடு. ஹிப் என்ற இன்னொரு பாக்டீரியாவுக்கான காப்பு, ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலேயே அடக்கம்; நாட்டிலேயே முதன்முதலில் 2011-ல் அதைத் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். ஃப்ளூ ஊசி ஆறு மாதம் முடிந்ததும் போடலாம். தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் போட்டால் நல்லது.

காப்பகத்தில் விட்டால் சளி பிடிக்கத்தான் செய்யும். சின்னக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. காப்பகத்தில் அது இன்னும் கூடலாம். அதற்காக வேலையை விட்டுவிடாதீர்கள். மாமியாரால் இன்னும் நாலைந்து மாதம் பார்த்துக்கொள்ள முடியுமானால் என் ஓட்டு அவருக்குத்தான், சாம்பிராணி ஒப்பந்தத்தோடு. முடியாதென்றால் குழந்தைகள் குறைவாக இருக்கும் இடமாகப் பாருங்கள். காய்ச்சல் கண்ட குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிறார்களா, ஆயாக்கள் கை கழுவுகிறார்களா என்று நேரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால், மகப்பேறு நல விதிகளின்படி அங்கே காப்பக வசதி இருக்க வேண்டும்; நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வேலைக்குத் திரும்பும் முன் நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கேளுங்கள்.